ஆட்டவழிப் புகும் ஆங்கிலச் சொற்கள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களில் தமிழ்வழியிற் பயிலும் சிறுவர் பலர், பாடநூல் கற்பிக்குமுன்னரே கைப்பேசி ஆட்டங்களின் வாயிலாக ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைப் பெற்றுவிடுகின்றனர். பப்ஜி 2020 செப்டம்பரிலும் பிரீ பயர் 2022 பிப்ரவரியிலும் இந்தியாவில் தடைசெய்யப்பெற்றன. அவை தந்த சொற்களோ வழக்கில் நின்றுவிட்டன. அவற்றை அவர் ‘கற்றனர்’ எனல் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

‘லூட் பண்ணு’, ‘ரிவைவ் பண்ணு’, ‘ஜோனுக்குள்ள வா’ என்னும் வழக்குகளை நோக்குக. ஆங்கில வினை வினையாக நில்லாது பெயர்போல் நின்று ‘பண்ணு’ என்பதனை ஏற்கின்றது. காலமும் பாலும் வேற்றுமையும் காட்டுவது தமிழே. புகுந்தது சொல், இலக்கணமன்று. தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கு இடம் வகுத்தமை ஈண்டு நினைக்கத்தகும். ‘லூட்’ என்பதோ இந்தியிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுசென்ற சொல். தொழிற்பேட்டைக்கு வந்துள்ள வடமாநிலத் தொழிலாளர் பலர்க்கு அது தாய்மொழிச் சொல். அண்டை வீட்டுத் தமிழ்ச் சிறுவனுக்கோ ஆங்கிலம்!

பொருளறிவு வேறு. ‘மேகசின்’ என்றால் தோட்டா அடைக்கும் கூடு என்பான் சிறுவன். பருவ இதழ் என்பது பள்ளி. இருவரும் பிழைபட்டிலர். பண்டகசாலையைக் குறிக்கும் அரபுச் சொல் ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, படைக்கலச் சாலைக்காகிப் பின் தோட்டாக்கூட்டுக்கும் ஆயிற்று. 1731இல் இலண்டனில் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ தோன்றியபின், செய்திகளின் பண்டகசாலை என்னும் கருத்தில் இதழுக்கும் பெயராயிற்று. சிறுவன் அறிந்தது ஒரு கிளையே. ஆயினும் அது வேரோடு ஒட்டிய கிளை.

ஆய்வு முடிபுகள் ஒருவழிப்பட்டன அல்ல. 2010இல் டிஹான் முதலிய மூவர் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானியக் கல்லூரி மாணவர் 80 பேருள் ஒருவர் ஆட மற்றவர் பார்த்தார். பார்த்தவரே மிகுதியான சொற்களை நினைவிற் கொண்டனர். ஆடுவோன் கருத்துக் கைவினையிற் சென்றுவிடுகின்றது போலும். 2012இல் சில்வேன், சுண்ட்குவிஸ்ட் என்னும் இருவர் சுவீடன் நாட்டில் 11, 12 அகவைச் சிறாரிடை நடத்திய ஆய்விலோ, மிகுதியாக ஆடுவோரே சொல்வளத்தில் முந்தினர். முன்னது ஓர் அமர்வை அளந்தது. பின்னது நெடுநாட் பழக்கத்தை. அப்பழக்கந்தான் சொல்வளத்திற்குக் காரணம் என்று துணிதற்கும் இல்லை. ஆங்கிலம் வல்லோர் ஆங்கில ஆட்டங்களை விரும்பியாடுதலும் கூடும்.

நம் சிறுவரோ ஆட்டத்தினிடையே தம்முட் பேசுவது பெரும்பாலும் தமிழே. ஆதலின் அவர் பெறுவன ஏவற் சொற்களும் பொருட்பெயர்களுமே, தொடரமைப்பு அன்று. ஆசிரியர் அச்சொற்களை இகழ்ந்து ஒதுக்காது, ‘மேகசின்’ என்பதன் இரு பொருளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக்காட்டலாம். ஒன்றனை மாணவர் முன்னரே அறிவர்.