ரேலி பிரபுவும் எங்கட பாடும் மீனும்

கல்லடிப் பாலத்தில் நின்று காது கொடுத்துவிட்டு, "பாடும் மீனெல்லாம் சும்மா கதை" என்று இளசுகள் சொல்லித் திரிகிறார்கள். பாலத்தில் நின்றால் கேட்பது கஷ்டம்தான். ஏனென்று விளங்க, பிரித்தானியப் பௌதிகவியலாளர் ரேலி பிரபுவிடம் (1842–1919) போக வேண்டும். ஆர்கன் வாயுவைக் கண்டறிந்து 1904இல் நோபல் பரிசு பெற்றவர். நோய் தேற எகிப்துக்குப் போய், நைல் நதியில் வீட்டுப் படகொன்றில் இருந்துகொண்டு எழுதத் தொடங்கிய அவரது 'ஒலிக் கோட்பாடு' 1877–78இல் இரண்டு பாகமாக வந்தது. ஒலியியலுக்கு இன்றைக்கும் அதுதான் அத்திவாரம்.

இரண்டு ஊடகங்கள் சந்திக்கும் இடத்தில் ஒலி எவ்வளவு கடக்கும், எவ்வளவு திரும்பும் என்ற கணக்கு அதில் உண்டு. நீருக்குள் எழும் ஒலிச் சக்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்கு வரும். மற்றதெல்லாம் வாவிக்குள்ளேயே திரும்பிவிடும். மரத்துக்குள் அது இலகுவாக நுழையும். "துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டுட்டு, மத்த நுனியில காத வைச்சுக் கேளு மகன்" என்று மூத்தவாப்பா எனக்குச் சொன்னது இதைத்தான். அவர் ரேலியைப் படித்தவரல்ல!

1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்டும், தோணி மரத்தில் காதை வைத்ததும் ஒலி கூடியதாக எழுதியிருக்கிறார். அன்றைய மீனவர்கள் அவருக்குச் சொன்னது மீனை அல்ல, ஊரியை.