செவிக்கும் எழுதுவோம்

“இதோ, இந்தப் படத்தைப் பாருங்கள், செய்தியெல்லாம் இதில் அடங்கியுள்ளது” என்று கூறி நான் என் பேச்சை முடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? வானொலியில் படம் ஏது என்று நகைப்பீர்கள். ஆனால் இத்தகைய வேடிக்கை இணையப் பக்கங்களில் நாள்தோறும் நிகழ்கின்றது. அங்கே நகைப்பவர் இலர், வருந்துவோரே உளர்.

என் பழைய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் காண வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கல்லூரியில் வரலாறு பயின்றுகொண்டிருந்தார். கல்வி உதவித்தொகை பற்றிய அறிவிப்பு ஒன்று இணையத்தளத்தில் வெளிவந்திருந்தது. தலைப்பு மட்டும் எழுத்தாக இருந்தது. கடைசி நாள் முதலிய மற்றவை யாவும் தாளிலிருந்து படமெடுத்து ஒட்டப்பட்டிருந்தன. அவருடைய கணினி தலைப்பைப் படித்தது. பின் ‘படம்’ என்று கூறி நின்றுவிட்டது. ஊருக்குச் சென்றிருந்த தோழர் திரும்பிவந்து படித்துச் சொன்னபோது கடைசி நாள் கடந்துவிட்டது. “ஐயா, எனக்குக் கண் இல்லாதது பெரிதன்று, அந்தப் பக்கத்துக்கு வாய் இல்லாமற் போயிற்றே!” என்றார். அச்சொல் இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

கணினி எவ்வாறு படிக்கின்றது? திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பர். 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்ற என்.வி.டி.ஏ. என்னும் வாசிப்பான் விலையின்றிக் கிடைப்பது. தமிழும் படிக்க வல்லது. எனினும், படத்தினுள் பதிந்த எழுத்தை அது தன் இயல்பான வாசிப்பில் அறிந்து கூறுவதில்லை. ஆதலின் செய்தியை எழுத்தாகவே இடுதல் வேண்டும். படம் இன்றியமையாததாயின், அதன் பொருளை ஓரிரு தொடர்களில் மாற்றுரையாக இணைத்தல் வேண்டும்.

தமிழில் மற்றோர் இடரும் உண்டு. யூனிகோடு முறை பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி எழுத்துருக்கள் அமைத்தனர். பாமினி அவ்வகையினது. அதில் ‘அம்மா’ என்று நம் கண்ணுக்குத் தோன்றுவது, கணினிக்கு ‘எம்’, ‘கே’ எனத் தொடங்கும் பொருளற்ற எழுத்துக் கோவையே. அன்னையை அழைக்கும் சொல்லே உளறலாக ஒலிக்கும்! யூனிகோடில் எழுதினால் இக்குறை நேராது.

டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989-இல் வலையமைப்பைப் பற்றிய கருத்தை முன்வைத்தார். அவர் 1994-இல் நிறுவிய வலைக் கூட்டமைப்பு, யாவரும் அணுகும் வகையில் பக்கங்களை அமைப்பதற்குரிய நெறிகளை 1999-இல் முதன்முதலாக வெளியிட்டது, 2023-இல் 2.2 என்னும் பதிப்பு வந்தது. இந்நெறிகள் நான்கு தூண்களின் மேல் நிற்கின்றன: பக்கம் புலன்களால் உணரத்தக்கதாகவும், எளிதில் இயக்கத்தக்கதாகவும், புரிந்துகொள்ளத்தக்கதாகவும், பலவகைக் கருவிகளிலும் பிழையின்றி இயங்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மின்னணுச் செய்திகள் அவர்களும் அணுகத்தக்கனவாய் இருக்க வேண்டும் என்று கூறுகின்றது. ஆகவே, இது இரக்கத்தால் செய்யும் உதவியன்று. உரிமைக்குச் செலுத்தும் கடன்.

இனி, எழுதும் முறையை நோக்குவோம். கண்ணுடையவர் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்து, வேண்டிய இடத்தை அடைகின்றார். செவியால் படிப்பவரோ தலைப்புகளைத் தாவித் தாவிக் கேட்டே இடத்தைத் தேடுகின்றார். ஆதலின் ஒவ்வொரு பகுதிக்கும் பொருள் விளங்கும் தலைப்பு வேண்டும். இணைப்புகளை மட்டும் தொகுத்துக் கேட்பதும் உண்டு. அப்போது ‘இங்கே சொடுக்குக’ என்பதே பத்து முறை ஒலித்தால் அவர் எதனைத் தெரிந்தெடுப்பார்? ‘விண்ணப்பப் படிவம்’ என்று பெயரிட்டால் ஐயம் எழாது.

அடுத்தது தொடர் அமைப்பு. “விண்ணப்பதாரர்கள் தங்கள் விண்ணப்பங்களை உரிய இணைப்புகளுடன் குறித்த காலவரையறைக்குள் கிடைக்கப்பெறுமாறு சமர்ப்பிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்று எழுதுவோர் பலர். இதில் சொல் மிகுதி; செய்தி இல்லை. “விண்ணப்பத்தை மதிப்பெண் சான்றிதழ் நகலுடன் ஜூன் 30-ஆம் நாள் மாலை 5 மணிக்குள் அனுப்புக” என்றால் சொல்லும் குறைந்தது, நாளும் தெரிந்தது. சுருக்கம் என்பது வேண்டியதை விடுதலன்று, வேண்டாததை விடுதலே. சொற்சுருக்கத்தையும் பொருள் விளக்கத்தையும் நூலின் அழகுகளுள் முன்வைத்த நன்னூல், குறைத்துக் கூறுவதையும் மிகுத்துக் கூறுவதையும் ஒருங்கே குற்றமாக எண்ணியது.

இவ்வாறு எழுதுவதால் பயன் பெறுவோர் பார்வையற்றோர் மட்டும் அல்லர். கண் மங்கிய முதியோர், புதிதாக மொழி கற்போர், சிறிய கைபேசித் திரையில் விரைந்து படிப்போர் ஆகிய யாவரும் பயன் பெறுவர். மாடிப்படிக்கு அருகே அமைத்த சாய்தளம் சக்கர நாற்காலிக்கும் உதவும். குழந்தையின் தள்ளுவண்டிக்கும் உதவும் அன்றோ?

உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ அறிவிப்பு எழுதும் வாய்ப்பு வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். கண்களை மூடிக்கொண்டு, நீங்கள் எழுதியதைத் தோழர் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். என்ன செய்ய வேண்டும், எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்பன ஒரே முறையில் விளங்கினவா? விளங்காவிடின் திருத்தி எழுதுங்கள். நீங்கள் செலவிடும் அந்தப் பத்து நிமிடம், முகம் அறியாத ஒரு மாணவரின் ஓராண்டுக் கல்வியைக் காக்கக்கூடும்.