வேட்பாளர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்?

பெருங்குடியிலிருந்து பேசுறேன். தேர்தல் வந்தாலே "கிறிஸ்தவங்க ஓட்டு எந்தப் பக்கம்?"னு நம்ம ஓஎம்ஆர் டீக்கடை வரைக்கும் ஒரு கணக்கு ஓடும். அதை இன்னைக்குத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிறிஸ்தவருக்கு மத்தவங்க எப்போ ஓட்டுப் போடுறாங்க? எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை.

'தந்தை செல்வா'ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. எஸ்.ஜே.வி. செல்வநாயகம். வக்கீல், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். தொகுதியில் பெரும்பாலானவர்கள் சைவர்கள். 1947-ல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் நின்று ஜெயித்தார். அடுத்த வருஷமே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. ஆனாலும் கட்சித் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். செல்வநாயகம் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1952-ல் தோற்றார். ஜெயித்தவர் ஐக்கிய தேசியக் கட்சியின் நடேசன், சைவர். சைவத் தொகுதிக்கு ஒரு வேதக்காரரா என்ற பிரசாரம் நடந்தது. ஆனா தோல்விக்கு அது மட்டும்தான் காரணம்னு நான் நினைக்கல. காங்கேசன்துறைக்கு அப்போதான் சிமெண்ட் ஆலை வந்திருந்தது. அரசாங்கத்தோட ஒட்டி இருந்தா நல்லதுன்னு தோணுமா, தோணாதா?

நாலே வருஷம். 1956 தேர்தல்ல தெற்கின் பெரிய கட்சிகள் போட்டி போட்டுக்கிட்டு 'சிங்களம் மட்டும்'னு நின்னாங்க. யாழ்ப்பாணத்து வீடுகளில் கேள்வியே மாறிப்போச்சு. பையன் படிச்ச படிப்புக்கு இனி அரசாங்க வேலை கிடைக்குமா? அதே தொகுதி, அதே வேதக்காரர். இந்தத் தடவை ஜெயித்தார், அப்புறம் அங்கே தோற்கவே இல்லை. 1972 அரசியலமைப்பை எதிர்த்துப் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு 1975 இடைத்தேர்தலில் நின்றபோது, வித்தியாசம் 16,000 ஓட்டுக்கு மேல்.

தெற்கே பண்டாரநாயக்க ஆங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து பௌத்தரானவர். அங்கே இனமும் மதமும் பின்னிக் கிடந்தது. இங்கே இன அடையாளத்தைச் சுமந்தது மொழி. அதனால செல்வநாயகம் மதம் மாறாமலே தலைவராக முடிந்தது.

ரொம்பப் பெருமைப்பட்டுக்கவும் வேண்டாம். அவர் வெள்ளாளர், அதாவது அந்த ஊரின் ஆதிக்க சாதி. 1968-ல் அதே வட்டாரத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக ஒடுக்கப்பட்ட சாதியினர் போராடினப்போ, எதிர்த்து முன்னால் நின்றவர் முன்னாள் அமைச்சர் சுந்தரலிங்கம். தடுத்தவரும் தமிழர், தடுக்கப்பட்டவங்களும் தமிழர், மதமும் ஒண்ணுதான். கிறிஸ்தவ வெள்ளாளரை எம்.பி. ஆக்கின ஊர், ஒடுக்கப்பட்ட சாதிச் சைவர் ஒருத்தரை அன்னைக்கு ஆக்கியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். கூட்டணி அப்படி ஒருவரை, இராசலிங்கத்தை, உடுப்பிட்டியில் நிறுத்தி ஜெயிக்க வெச்சது 1977 ஜூலையில். செல்வநாயகம் இறந்து அப்போ மூணு மாசம்கூட ஆகல.