கெமராப் பெட்டி "பீப் பீப்" என்று கத்தினால் என்ன செய்வது?

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது பல இடங்களில், கோவில் வாசல், கூட்டுறவுக் கடை, பிள்ளை மடுவம் என்று கெமரா பூட்டியிருக்காங்க. கெமரா சும்மா கண்தான். பார்த்ததை ஞாபகம் வைத்திருப்பது டி.வி.ஆர். என்கிற பெட்டி, அதிலும் அதற்குள்ளே இருக்கிற ஹாட் டிஸ்க்.

ஞாபகம் போனாலும் கண் தெரியும். டி.வி.யில் படம் பளிச்சென்று ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. உண்டியல் உடைந்த அன்றைக்குத்தான், மூன்று மாதமாக ஒன்றுமே பதியவில்லை என்று தெரிய வரும். அதைவிட மோசமான ஒன்றும் இருக்கு. யாரோ ஒரு பையன் மேல் பழி விழும்போது, அவன் அந்த நேரம் அங்கே இல்லை என்று காட்ட வேண்டிய படமும் இருக்காது.

பெட்டி ஏன் கத்துது? அந்தக் காலத்து வீடியோ டெக்கில் நாடா ஓடியது போல, இதில் ஒரு தட்டு சுற்றுது. நிமிஷத்துக்கு 5,400 சுற்று, சிலதில் அதற்கும் மேலே. எழுதுகிற முனை தட்டைத் தொடாமல், மயிரிழையைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்குது. நம்ம ஸ்டோரில் சலிக்கிற டஸ்ட் தேயிலையில் ஒரு துணுக்கு அதற்கு மலை மாதிரி. ராத்திரி பகல் ஓய்வும் கிடையாது. வருஷத்துக்கு 8,760 மணித்தியாலம் வேலை. அதனால் தேய்வது இயல்புதான். ஆனால் கத்துகிற ஒவ்வொரு பெட்டியிலும் டிஸ்க் செத்துவிட்டது என்று நினைக்காதீங்க.

சத்தம் தொல்லை என்று மெனுவுக்குள் போய் சத்தத்தை மட்டும் நிறுத்துகிறவங்க உண்டு. அதைச் செய்யாதீங்க. முதலில் திரையில் என்ன எழுதியிருக்கு என்று வாசிங்க. டிஸ்க் நிறைந்துவிட்டது என்றால் அது பழுதே இல்லை. பழையதின் மேல் புதியதை எழுதும்படி மெனுவில் மாற்றிவிட்டால் போதும். டிஸ்க் இல்லை என்று சொன்னால் அநேகமாக வயரோ கரண்டோதான் கோளாறு. டிஸ்க் பிழை என்று வந்தால்தான் கொஞ்சம் பயப்படணும்.

எதைச் செய்தாலும் "போர்மட்" என்ற பொத்தானில் மட்டும் கை வைக்காதீங்க. பெட்டியே அதை அமர்த்தச் சொல்லிக் கேட்கும், அமர்த்தினால் பழைய படமெல்லாம் போய்விடும். பொலிசுக்குத் தேவைப்படுகிற படம் ஏதாவது இருந்தால் முதலில் அதைப் பென் டிரைவில் எடுத்து வைங்க. எடுக்கத் தெரியாவிட்டால் பெட்டியை ஒழுங்காக நிறுத்திவிடுங்க. ஓட விட்டால் பழையதின் மேல் புதியது எழுதப்பட்டு அழிந்துபோகும். 4 கெமரா, ஒவ்வொன்றும் செக்கனுக்கு 2 மெகாபிட் என்று பதிந்தால், ஒரு நாளைக்கு 86 ஜிகாபைட் போகும். 1 டெராபைட் டிஸ்க்கில் சுமார் 11 நாள்தான் நிற்கும். இரண்டு கிழமை கழித்துத் தேடினால் கிடைக்காது.

அடுத்தது கரண்ட். என் அனுபவத்தில் பாதிக் கோளாறு இங்கேதான். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற 12 வோல்ட் அடப்டர் நாள்பட நாள்பட வலு இழந்துபோகும். டிஸ்க் சுற்றத் தொடங்கும்போதுதான் கூடுதலான கரண்ட் இழுக்கும். அடப்டரால் தாங்க முடியாமல் "டிக், டிக்" என்று சத்தம் வந்து திரும்பத் திரும்பத் தொடங்கும். கெமராவுக்கும் அதே பெட்டியிலிருந்து கரண்ட் போகிறது என்றால், இருட்டில் கெமராவின் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும்தான் பிழை காட்டும். பகலில் நல்லா ஓடி ராத்திரி மட்டும் கத்துகிற பெட்டிக்கு, டிஸ்க் வாங்க முன்னே அதே அளவு வோல்ட்டும் அம்பியரும் உள்ள வேறு அடப்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்க. அடப்டர் டிஸ்க்கைவிட எவ்வளவோ மலிவு.

அதற்குப் பிறகும் சரிவரவில்லையா? பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து, டிஸ்க்கில் இருந்து வருகிற இரண்டு வயரையும் கழற்றித் திரும்ப அழுத்தமாகப் பூட்டுங்க. மேட்டுத் தோட்டங்களில் பனியீரம் பட்டு முனைகள் மங்கிப்போகும். எறும்பு, பல்லியும் உள்ளே குடியிருக்கும். டிஸ்க்கை மட்டும் திறக்கவே வேண்டாம்.

மெனுவில் "ஸ்மார்ட்" என்று ஒரு பக்கம் இருக்கும். டிஸ்க் தன்னுடைய உடம்பைப் பற்றித் தானே எழுதி வைக்கிற கணக்கு அது. கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்களின் எண்ணிக்கையைக் குறித்து வைத்து, ஒரு கிழமை கழித்துத் திரும்பப் பாருங்க. ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கு, மாற்றத்தான் வேண்டும். வெப்பமும் அங்கேயே தெரியும். சாமி நகைக்குப் பக்கத்தில் பாதுகாப்பு என்று காற்றில்லாத பலகை அலுமாரியில் பெட்டியைப் பூட்டி வைப்பாங்க. 50 பாகை தாண்டினால் அலுமாரிக் கதவில் ஓட்டை போடுங்க.

படம் இருந்தும் கிடைக்காமல் போவதும் உண்டு. பெட்டிக்குள் இருக்கிற சின்ன வட்டப் பெட்டரி தீர்ந்தால், கரண்ட் போய் வரும்போது திகதி பல வருஷம் பின்னுக்குப் போய்விடும். நேற்று நடந்ததை நேற்றுத் திகதியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இடி மின்னலுக்கு ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கவனம் வேணும். பின்னேரத்தில்தான் கூட விழும். 2022 மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது ஞாபகம் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று கரண்ட் போவதும் திரும்ப வருவதும் டிஸ்க்கை நோகடிக்கும். சின்ன யூ.பி.எஸ். ஒன்று வைத்தால் அந்தக் கவலை குறையும்.

புது டிஸ்க் வாங்கினால் கெமராப் பெட்டிக்கென்றே செய்ததாகக் கேளுங்க. கொம்பியூட்டருக்கான சாதாரண டிஸ்க் ராப்பகல் வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. பழைய டி.வி.ஆர். சிலது 2 டெராபைட்டுக்கு மேல் ஏற்காது, அதையும் முதலில் பாருங்க. கடையிலேயே போட்டு, எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கு என்று காட்டச் சொல்லுங்க. அந்தக் கணக்கையும் அழிக்க முடியும். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவிலேயே பழைய டிஸ்க்குகளைப் புதிது என்று விற்றது வெளியில் வந்தது. அதனால் பில்லும் எழுத்தில் உத்தரவாதமும் வாங்காமல் பஸ் ஏறாதீங்க. வரும்போது துவாயில் சுற்றி மடியில் வைங்க. தோட்டத்து ரோட்டுக் குலுக்கலில் கீழே விழுந்தால் கதை முடிந்தது.

கழற்றிய டிஸ்க்கை இரும்புக்காரரிடம் போடுகிறவங்களும் இருக்காங்க. அதில் மடுவத்துப் பிள்ளைகளும், கோவிலுக்கு வந்து போன பெண்களும் இருக்கிறார்கள். தலைவரின் முன்னிலையில் நடுவில் துளை போட்டுவிட்டுக் கொடுங்க.