லண்டன் சுவரில் ஒரு பலகை

நம் ஊரில் வீடு கட்டுகிற கொத்தனாரே, சுவர் எழும்பும்பொழுதே கடப்பைக் கல்லைச் செருகிச் சமையலறை அலமாரியையும் அமைத்துவிடுவதனால், பாரத்தைத் தாங்கச் சுவருக்குச் சக்தி உண்டா என்ற சந்தேகம் நமக்கு எழுந்ததே இல்லை. லண்டன் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ நூறாண்டு கடந்த வரிசை வீடொன்றில் குடியேறி, மல்லியும் மிளகாயும் பருப்பும் நிறைந்த எவர்சில்வர் டப்பாக்களை அடுக்க இடமின்றித் தவிக்கும் தமிழ்க் குடும்பத்துக்கோ அந்தச் சந்தேகமே முதற் பாடம்.

விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஓசை எழுந்தால் உள்ளே செங்கல். பொள்ளென்று ஒலித்தால், பெரும்பாலும் பன்னிரண்டரை மில்லிமீட்டர் பிளாஸ்டர்போர்டும், 400 அல்லது 600 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நிற்கும் மரச் சட்டங்களுந்தான். அங்கே திருகாணி அந்தச் சட்டத்தில்தான் இறங்க வேண்டும்.

செங்கல்லிலும் திருகாணி தானாகப் பற்றாது. முற்காலத்தில் உளியால் சுவரைக் குடைந்து மரத்துண்டை அறைந்து வைத்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைப் பாழாக்காமல் மின்சாதனங்களைப் பொருத்தவேண்டிய நிர்ப்பந்தம் நேர்ந்தபொழுது, ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் சணல் நாரை விலங்கின் இரத்தத்தால் இறுக்கி ஒரு சிறு குழாய் செய்தார். திருகாணி உட்புகப் புக அது விரிந்து துளையின் பக்கங்களை நெருக்கிப் பிடித்துக்கொண்டது. ஆண்டு 1911. அந்தச் சணல் வங்காளத்திலிருந்து போயிருக்கலாம் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். இன்று அது பிளாஸ்டிக். சிவப்புக்கு 6 மில்லிமீட்டர் துளை, பழுப்புக்கு 7. பெயர் மட்டும் இன்னும் ரால்பிளக்.

இத்தகைய வீடுகளில், பழைய கணப்பின் புகைபோக்கி சுவரை விட்டு முன்னே புடைத்து நிற்க, அதன் இருமருங்கிலும் பள்ளம் விழுந்திருக்கும். நம் மாடக்குழியின் பெரிய உருவமென்று சொல்லத்தக்க அவ்விடமே அலமாரிக்கு உத்தமமானது. ரசமட்டம் வைத்துக் கோடிட்டு, பின்புறம் ஒன்றும் பக்கங்களில் இரண்டுமாக மரச் சட்டங்களை முடுக்கி, அவற்றின்மேல் பலகையைக் கிடத்தினால் போதும், தாங்கி வேண்டியதில்லை. பழஞ் சுவர் நேராக இராதாகையால், பலகை அறுக்குமுன் அகலத்தை முன்னாலும் பின்னாலும் தனித்தனியே அளந்துகொள்ள வேண்டும். பூச்சுக்கு வலிமையில்லை என்பதை மறக்கலாகாது: சட்டம் இருபது, பூச்சு இருபது, அதற்கப்பால் செங்கல்லுக்குள் முப்பது மில்லிமீட்டராவது செல்லுமாறு எழுபது மில்லிமீட்டர் திருகாணி அவசியம். துளை செங்கல்லில் விழவேண்டும். பழைய சுண்ணாம்புச் சாந்து பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட் போதும். எம்டிஎஃப் பலகை குழம்பின் ஆவி பட்டு உப்புமென்பதால் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மின்செருகியைச் செருகும் இடத்துக்கு நேர் மேலும் கீழும், பக்கவாட்டிலும் கம்பி ஓடுமாகையால் அங்கே துளையிடுதல் கூடாது. வாடகை வீடாயின், முதல் துளைக்கு முன்பே வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். டப்பாக்களையெல்லாம் பலகையில் ஏற்றுங்கள். அரிசி மூட்டையை மட்டும் தரையிலேயே விட்டுவையுங்கள்.