கோட்டுகாலின் நிலமும் ஊரமைப்பு விதிகளும்

நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த கோட்டுகால் ஓர் ஊராட்சியே; ஆயினும் அதன் வாயிலில் நகரம் வந்து நிற்கிறது. அடுத்துள்ள விழிஞ்ஞத்தில், 2015 டிசம்பரில் கட்டத் தொடங்கிய துறைமுகம் 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கிடங்குகளுக்கும் லாரி நிறுத்துமிடங்களுக்கும் விடுதிகளுக்கும் இனிச் சுற்றுப்புறத்தில் இடம் தேடப்படும். எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் விதிகள் இதற்கு ஏற்றவையா?

இவ்வூரில் தம் பரம்பரை நிலமான ஐந்து சென்டில் வீடு கட்ட விரும்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அந்நிலம் ஏலாவில், அதாவது மேடுகளுக்கிடையே நெல் விளையும் தாழ்நிலத்தில் இருந்தால், 2008ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். உள்ளூர்க் குழு தயாரித்த பட்டியலில் அது நெல்வயலாக இடம்பெற்றிருப்பின், வேறு தக்க இடமில்லாத உரிமையாளர் ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் வரை மட்டுமே, அனுமதி பெற்று, வீட்டுக்கெனப் பயன்படுத்தலாம். பட்டியலில் இல்லாமல் வருவாய்ப் பதிவேட்டில் மட்டும் ‘நிலம்’ என்றிருந்தால், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொதுவாக வருவாய்த் துறையின் உத்தரவு வேண்டும். நமக்கு எல்லா மண்ணும் நிலம். கேரளப் பதிவேட்டில் அச்சொல் நன்செயை மட்டுமே குறிக்கும் என்பதைத் தமிழ் வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும்.

அடிமலத்துறை போன்ற கடலோரமாயின் வேறொரு கோடு குறுக்கிடும். ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடங்களை 2011ஆம் ஆண்டு அறிவிக்கை தடுத்தது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது 2019ஆம் ஆண்டு அறிவிக்கை. இவற்றையெல்லாம் கடந்த பின்னரே ஊராட்சிக் கட்டட விதிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனி வரைபடம். ஒன்று தரும் இசைவு மற்றொன்றைக் கட்டுப்படுத்துவதில்லை.

இச்சட்டங்கள் எது கூடாது என்றே பெரும்பாலும் கூறுகின்றன. எது எங்கே வரலாம் என்று கூறுவது ஊரமைப்புத் திட்டம். திருவிதாங்கூரில் கொல்லம் 1108ஆம் ஆண்டிலேயே நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டு நகர, ஊரமைப்புச் சட்டம் ஊராட்சிகளும் தமக்கெனத் திட்டம் வகுக்க வழிசெய்துள்ளது.

அத்திட்டம் எவ்வாறு அமைய வேண்டும்? குடியிருப்பையும் தொழிலையும் தனித்தனியே பிரிக்கும் முறையை, கிளீவ்லாந்தின் புறநகரான யூக்ளிட் தொடர்பான வழக்கில் 1926இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஏற்றது. பல நாடுகள் பின்பற்றிய அம்முறை இங்கே பொருந்தாது என்பது என் கருத்து. ஒரே வளவில் வீடும் தென்னையும் ஆட்டுக்கொட்டிலும் சாலையோரப் பெட்டிக்கடையும் இருக்கும் ஊரில், அப்பிரிவினை பிழைப்பையே விதிமீறலாக்கும். பயன்பாட்டின் பெயரைவிட அதன் விளைவைக் கட்டுப்படுத்துவதே தக்கது. தையற்கடை எங்கும் இருக்கலாம். இரவெல்லாம் சரக்கு லாரிகள் வந்துபோகும் கிடங்கை அகலமான சாலையோரத்தில் மட்டுமே அனுமதிக்கலாம்.

ஏலாக்களுக்கு மட்டும் இந்தத் தளர்வு கூடாது. மழைநீரைத் தேக்கி மேட்டுக் கிணறுகளுக்கு ஊற்றளிப்பவை அவை. ஓர் ஏலாவின் நடுவே மண் நிரப்பினால் மேலுள்ள வயலில் வெள்ளம் தேங்கும். சுற்றிலுமுள்ள கிணறுகளில் கோடையில் நீர் குறையும். ஆகவே ஏலாவின் எல்லை, கடலோரக் கோடு, கிடங்குகளுக்குரிய சாலைகள் ஆகிய மூன்றையும் சர்வே எண்ணுடன் ஒரே வரைபடத்தில் குறித்து, கிராமசபையில் வைத்து ஆட்சேபங்களைக் கேட்பதே ஊராட்சியின் முதல் வேலை. துறைமுகத்தை நம்பி நிலம் வாங்க வருவோர், முன்பணம் கொடுக்கும் முன்பே அதைப் பார்க்க முடியவேண்டும்.