கலக்கும் மண்ணே தெளியவைக்கும்

நவம்பர் பிறந்தால் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் பரணில் இருக்கும் பீங்கான் ஜாடி கீழே இறங்கும். பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, கொஞ்சம் பட்டை, கிராம்பு. சில வாரம் நுரைத்துப் பொங்கி அடங்கியதும் துணியில் வடித்து, கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒயின் மங்கலாக நிற்கும். நான்கு நாள் விட்டுப் பார்த்தாலும் அதே மங்கல்தான்.

அதே ஐப்பசி, கார்த்திகையில் பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் காடுகளில் வேறொரு கலங்கல். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் அந்த மண்ணில் மழை விழுந்து ஓடிக் குட்டையில் தேங்கும். மழை நின்று நாட்கள் போன பிறகும் குட்டை நீர் தெளியாது. ஒரு சொம்பு மொண்டு வைத்தால் அடியில் கொஞ்சம் மண்டி கட்டும். மேலே உள்ள நீர் கலங்கலாகவே இருக்கும்.

இந்த இரண்டு கலங்கலும் உறவுக்காரர்கள். ஒன்றில் நோயாக இருப்பதுதான் மற்றதில் மருந்து. அந்த உறவைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நமக்கு இங்கே வேண்டியது ஜாடிக்குள் நடக்கும் அறிவியல் மட்டுமே.

கனமான பொருள் நீரில் மூழ்க வேண்டும். மண் நீரைவிட இரண்டரை மடங்கு கனமானது. பிறகு ஏன் மிதக்கிறது? உண்மையில் அது மிதப்பதில்லை, விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் துகளின் குறுக்களவு பத்தில் ஒரு பங்கானால், விழும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். ஒரு அடி ஆழமுள்ள பானையில் 0.1 மில்லிமீட்டர் மணல் அரை நிமிடத்தில் அடிக்குப் போய்விடும். 0.01 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். 0.001 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கு நான்கு நாள். அதிலும் பத்தில் ஒரு பங்கு என்றால் கணக்கு ஓராண்டைத் தாண்டும். அந்த ஓராண்டுக் கணக்கும் ஏட்டளவில்தான். அவ்வளவு சின்னத் துகளை நீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் இடித்துத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அது கீழே போய்ச் சேரவே சேராது. இப்படிக் கரையாமலும் படியாமலும் நிற்கும் கலவைக்குக் கூழ்மம் என்று பெயர்.

அப்படியானால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி விழலாமே? ஒட்டத்தான் முடியாது. களிமண் துகள் ஒவ்வொன்றும் எதிர்மின்னூட்டம் சுமக்கிறது. ஒரே மின்னூட்டம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். கோடிக்கணக்கான துகள்கள், எல்லாமே எதிர்மின், நெருங்க வந்தால் விலகி ஓடுகின்றன. குட்டை நீரைக் கலங்கலாக வைத்திருப்பது இந்த மின்விலக்குதான்.

இந்த மின்னூட்டம் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் அழகு. கரிசலின் உயிர் ஸ்மெக்டைட் என்ற விரியும் களிமண் குடும்பம். அதன் ஒரு தாள் ஒரு நானோமீட்டர் கனம், அதாவது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் தாளுக்குள் மூன்று நேர்மின் கொண்ட அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில், இரண்டு நேர்மின் மட்டுமே கொண்ட மக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. படிகம் உருவானபோதே நடந்த ஆள்மாற்றம் அது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நேர்மின் குறைகிறது. அந்தக் குறை தாளின் நிரந்தர எதிர்மின்னாக நின்றுவிடுகிறது. தாள்களுக்கு நடுவே நீர் புகுந்தால் மண் ஊதும், வறண்டால் சுருங்கும். சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவது இதனால்தான். ஒரு கிராம் ஸ்மெக்டைட்டின் தாள்களையெல்லாம் பிரித்து விரித்தால் சுமார் 750 சதுர மீட்டர் பரப்பு வரும். நம் கணக்கில் பதினெட்டு சென்ட் நிலம், ஒரு கிராம் மண்ணுக்குள்!

இப்போது ஒயின் ஜாடிக்குத் திரும்புவோம். அங்கே கலங்கல் ஒரே வகையல்ல. எது என்று தெரியாமல் மருந்து போட்டுப் பயனில்லை. சில நேரம் அது வெறும் ஈஸ்ட். வேலை முடிந்த ஈஸ்ட் செல்களில் சில இனங்கள், தம் மேல்தோலில் உள்ள புரதங்களால் பக்கத்துச் செல்லின் சர்க்கரைத் தோலைப் பிடித்துக்கொள்ளும். இடையில் கால்சியம் இருந்தால்தான் பிடி இறுகும். அப்படிக் கைகோத்த கூட்டம் தானே மண்டியாக இறங்கிவிடும். கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறாமல் இருந்தால் அதன் குமிழ்கள் துகள்களை மேலே தூக்கிக்கொண்டே இருக்கும். ஜாடியை மெதுவாகக் கலக்கி வாயுவை விரட்டினாலே பாதி ஜாடிகள் தெளிந்துவிடும் என்பது என் எண்ணம்.

நம் ஊர்ச் செய்முறைக்கே உரிய இரண்டு கலங்கல்கள் உண்டு. முதலாவது கோதுமை தருவது. அதிலிருந்து மாவுச்சத்து கசியும். ஈஸ்ட்டால் மாவுச்சத்தைத் தின்ன முடியாது. பள்ளிக்கூடத்தில் செய்த அதே சோதனைதான்: ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலம். இரண்டாவது, பழத்தை முதலில் கொதிக்க வைக்கும் பழக்கம் தருவது. கொதியில் தோலிலிருந்து பெக்டின் வெளியே வருகிறது. ஜாம் கெட்டியாவதற்குக் காரணமான அதே பொருள். அதை வெட்டக்கூடிய நொதி பழத்திலேயே இயற்கையாக இருக்கிறது. கொதி அதையும் கொன்றுவிடுகிறது. மிஞ்சிய பெக்டின் இழைகள் ஒவ்வொரு துகளையும் போர்த்திக்கொண்டு, பக்கத்துத் துகள் அண்டாமல் காக்கின்றன. ஒரு பங்கு ஒயினில் நான்கு பங்கு ஸ்பிரிட் கலந்தால் கூழ் இழைகள் திரண்டு மிதப்பது கண்ணுக்கே தெரியும். (சோதனைத் தம்ளரைக் கீழே கொட்டிவிட வேண்டும்.) இதற்கு மருந்து பெக்டினேஸ் என்ற நொதி. நுரைக்கத் தொடங்கும் முன்பே சேர்த்தால் நன்றாக வேலை செய்யும். சாராயச் சத்து ஏறிய பிறகு சோம்பிவிடும்.

மூன்றாவது வகைதான் நம்மைக் கரிசலுக்கு அழைத்துப் போகிறது. பச்சைத் திராட்சையில் செய்த ஒயின் பளிங்கு போலத் தெளிந்திருக்கும். புட்டியில் அடைத்து வைத்த பிறகு, ஒரு வெயில் காலத்தில் தானே மூட்டம் போடும். திராட்சை பூஞ்சையை எதிர்க்கத் தனக்காகச் செய்துகொண்ட புரதங்கள் வெப்பத்தில் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதே காரணம். பன்னீர் திராட்சை ஒயினில் இந்தத் தொல்லை அரிது; தோலில் உள்ள துவர்ப்புப் பொருள் முன்கூட்டியே புரதத்தைப் பிடித்து அடியில் இறக்கிவிடும்.

வெள்ளை ஒயினுக்கு உலகெங்கும் ஒயின்காரர்கள் போடும் மருந்து பென்டோனைட். எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் மாறிய களிமண் அது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துப் பாறை அடுக்கு ஒன்றிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. இந்தியாவில் கட்ச்சிலும் பார்மேரிலும் வெட்டி எடுக்கிறார்கள். அதன் உள்ளே இருப்பது ஸ்மெக்டைட். கரிசலில் குட்டையைக் கலக்கும் அதே குடும்பத்துக் களிமண்!

ஒயின் புளிப்பானது. புளிப்பில் திராட்சைப் புரதம் நேர்மின் ஏற்றிக்கொள்கிறது. களிமண் தாளோ எதிர்மின். இரண்டும் பாய்ந்து ஒட்டிக்கொண்டு, பஞ்சுப் பொதியாகி, கனத்து, ஒரு சில நாளில் அடியில் படிகின்றன. லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை போதும். ஆனால் பொடியை அப்படியே தூவினால் கட்டி தட்டிவிடும். வெந்நீரில் கரைத்து ஒரு இரவு ஊறவிட்டால்தான் தாள்கள் பிரிந்து அந்தப் பதினெட்டு சென்ட்டும் வெளியே வரும்.

இப்போது படத்தைத் திருப்பிப் போடுங்கள். குட்டையில் களிமண் இருக்கிறது, நேர்மின் புரதம் இல்லை. அதை நாம் கொடுத்தால்? முருங்கை விதையில் அப்படி ஒரு புரதம் இருக்கிறது. சூடானின் கிராமத்துப் பெண்கள் நைல் நதியின் சேற்று நீரைத் தெளியவைக்க முருங்கை விதையைப் பயன்படுத்தியதை, ஜெர்மானிய ஆய்வாளர் சாமியா அல் அசாரியா ஜான் 1970, 80களில் விரிவாக ஆராய்ந்து எழுதினார். திராட்சைப் புரதம் புளிப்பில் மட்டுமே நேர்மின் காட்டும். குட்டை நீரில் போட்டால் களிமண்ணைப் போலவே எதிர்மின்னாகிவிடும். முருங்கைப் புரதம் அப்படியல்ல. சாதாரண நீரிலும் நேர்மின்னாகவே நிற்கும். ஒயினில் நோயாக இருந்த புரதத்தின் இடத்தில் இங்கே மருந்துப் புரதம். மருந்தாக இருந்த மண் இங்கே நோய். ஒட்டும் விதி ஒன்றேதான்.

செய்முறை எளிது. லிட்டருக்கு ஒன்றிரண்டு முற்றிய விதை, ஓடு நீக்கி, இடித்துப் பொடியாக்கி, கொஞ்சம் நீரில் கரைத்துத் துணியில் வடித்துச் சேர்க்க வேண்டும். ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு ஐந்து பத்து நிமிடம் மெதுவாகவும் கிளற வேண்டும். வேகம் மருந்தைப் பரப்பும். நிதானம் துகள்களைச் சந்திக்க வைக்கும். கவனித்துப் பார்த்தால் மங்கலான நீருக்குள் முதலில் புள்ளிகள் தோன்றும், பிறகு அவை பூவாகத் திரண்டு சரியத் தொடங்கும். ஓரிரு மணி நேரத்தில் மேல்நீர் தெளியும். மண்ணோடு ஒட்டியிருந்த கிருமிகளில் பெரும்பகுதியும் இறங்கிவிடும். ஆனால் எல்லாம் அல்ல. குடிக்குமுன் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். விதைச் சத்து நீரில் மிஞ்சுவதால் மறுநாளுக்கு வைக்கவும் கூடாது.

நம் முன்னோர் கையில் இருந்தது தேற்றாங்கொட்டை. கலித்தொகையிலேயே அதற்கு உவமை இருக்கிறது. மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை உரைத்துவிட்டு நீர் ஊற்றுவார்கள். விஷ எட்டியின் நெருங்கிய உறவு இந்த மரம். முருங்கைபோல இது மின்னூட்டத்தை நம்புவதில்லை. அதன் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் ஒரே நேரத்தில் பல துகள்களைப் பிடித்துப் பாலம் போட்டு இழுத்துவிடுகின்றன. படிகாரத்துக்கு மூன்றாவது வழி. அதன் அலுமினிய அயனியில் மூன்று நேர்மின். ஷுல்ட்சே 1882இலும் ஹார்டி 1900இலும் கண்ட விதிப்படி, நேர்மின் இரண்டானால் திரட்டும் வலிமை சுமார் 64 மடங்கு, மூன்றானால் 700 மடங்குக்கு மேல். உப்பின் சோடியத்துக்கு ஒரே நேர்மின். கைப்பிடி உப்பு செய்ய முடியாததைச் சிட்டிகைப் படிகாரம் செய்வது அதனால்தான்.

சோடியம் தனியாக பலவீனம். ஆனால் கடலில் அது ஏராளம். அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையாக ஓடும் கொள்ளிடம் பழையாறு அருகே கடலைத் தொடும்போது, ஓட்டமும் தளர்கிறது, உப்பும் களிமண்ணின் விலக்கை முறிக்கிறது; சேறு திரண்டு படிகிறது. பெரம்பலூரை அடுத்த காரைக்குப் போனால் இதன் பழைய கணக்கைக் காணலாம். புல் முளைக்காத மேடு பள்ளங்களாக, ஜிப்சம் இழையோடும் களிமண் அடுக்குகள். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது; நிலத்திலிருந்து வந்த சேறு அந்த உப்பு நீரில் இறங்கியது. கணவாய் மீனின் பழங்கால உறவுகளான பெலம்னைட்டுகளின் தோட்டாக் கூர்கள் அந்தக் களிமண்ணில் இன்றும் கிடைக்கின்றன.

கடைசியாக, அவசரக்காரர்கள் தவறவிடும் ஒரு வித்தை. மருந்து கூடினால் நீர் மறுபடி கலங்கும்! நேர்மின் புரதம் அளவுக்கு மிஞ்சிப் போனால் ஒவ்வொரு துகளையும் முழுக்க மூடி, அதை நேர்மின் துகளாகவே மாற்றிவிடும். முன்பு எதிர்மின்னால் விலகியவை இப்போது நேர்மின்னால் விலகும். ஒயினில் பென்டோனைட் கூடினால் தெளிவு கெடாது. ஆனால் நிறமும் மணமும் மண்ணோடு போகும். அதனால் குடிநீர் நிலையத்து வேதியியலாளரும் தேர்ந்த ஒயின்காரரும் செய்வது ஒன்றே. ஐந்தாறு கண்ணாடித் தம்ளர்களில் ஒரே அளவு கலங்கல் ஊற்றி, மருந்தை மட்டும் படிப்படியாகக் கூட்டி, வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். எந்தத் தம்ளர் மிகக் குறைந்த மருந்தில் தெளிகிறதோ, அந்த அளவைத்தான் முழு ஜாடிக்கும் முழுத் தொட்டிக்கும் போடுகிறார்கள்.